எடுத்துவைத்த பெயர்

சபைக் குருவானவரான ஐயர் பிரசங்கத்தில் மூன்றாம் குறிப்புக்கு வந்துவிட்டார். நாலாம் குறிப்பு வைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆகவே இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய், அந்த ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில் நின்று, சபை முழுக்கக் கேட்க ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று ரத்தினபாய் கணக்குப் போட்டாள். வழக்கமாக அவள் தூணோரம் மின்விசிறிக்கு நேரே உட்காருகிறவள். இன்றைக்கு முன்பெஞ்சு. வலது பக்கம் மகள் பியூலா, இடது பக்கம் மனோரஞ்சிதம், அவளுக்கு அப்பால் அவள் மருமகள் ஷைனி, ஷைனியின் மடியில் அது. குழந்தை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளக்கூட ரத்தினபாய்க்கு வரவில்லை, மூன்று மாதமாக அது 'அது'தான். அதற்கு வெள்ளைக் கவுன், லேஸ் வைத்த தொப்பி, கால்விரல் தெரியாமல் சாக்ஸ். இந்த வெக்கையில் சாக்ஸ் எதற்கு என்று கேட்கலாம், கேட்டால் பொறாமையில் கேட்கிறாள் என்பார்கள், பொறாமையில்தான் கேட்கிறாள், அதனால் கேட்கவில்லை. மனோரஞ்சிதம் மாம்பழ மஞ்சளில் பட்டு உடுத்தியிருந்தாள். அந்த வயதுக்கு அந்த நிறம் யாருக்கும் எடுக்காது, இவளுக்கு எடுத்துத் தொலைந்தது. பிரசங்கத்தில் எதற்கோ எல்லாரும் சிரித்தபோது அவளும் தோளால் ரத்தினபாயை இடித்துச் சிரித்தாள், ரத்தினபாயும் என்னவென்று தெரியாமலே பல்லைக் காட்டினாள். சிரித்து முடித்து வாயை மூடியதும் பழைய கசப்பு அங்கேயே இருந்தது.

பெயர் வைக்கிற உரிமையை யார் கேட்டது? இவள் கேட்டாளா? மனோரஞ்சிதம்தான் போன வாரம் வீடு தேடி வந்து, செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள். "எக்கா, மறுத்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஞானத்தாயா நின்னு பிள்ளையை ஏந்துததும் நீங்கதான், பேரு வைக்கதும் நீங்கதான். என்ன பேருன்னு எங்ககிட்டச் சொல்லவே வேண்டாம், கோயில்ல வச்சே கேட்டுக்கிடுதோம். ஐயருகிட்டயும் சொல்லியாச்சு. உங்க முழங்கால்ல பொறந்த பிள்ளைல்லா இது!" முழங்காலில் பிறந்ததாம். பிறந்தது என் முழங்காலில், கிடப்பது உன் வீட்டுத் தொட்டிலில் என்று ரத்தினபாய் அப்போதே நினைத்தாள். ஆனால் வாய் என்ன சொன்னது? "ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்" என்றது. வாய்க்கு என்ன, ஐம்பத்தெட்டு வருஷமாகக் கோயிலில் பழகிய வாய், உள்ளே என்ன வேகிறது என்று பார்க்காமலே ஸ்தோத்திரம் சொல்லும். கொடுத்தாலும் இப்படியா கொடுப்பாள் ஒருத்தி. தங்கச் சங்கிலி எடுத்துக் கொடுத்திருந்தால் மனசாரத் திட்டியிருக்கலாம், பெருமைக்குச் செய்கிறாள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொந்தப் பேத்தியின் பெயரை எடுத்து மடியில் போட்டுவிட்டுப் போகிறவளை எந்த வார்த்தையால் திட்டுவது என்று அன்று முழுக்கத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஐயரின் மனைவி, ஐயரம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்பு பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் புதிதாக ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள், பாரம் மாற்றும் ஜெபம் என்று. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். உன் பாரத்தை அவளிடம் சொல், அவள் பாரத்தை நீ வாங்கிக்கொள். வாங்கிய பிறகு உன் காரியத்துக்காக நீ ஜெபிக்கக் கூடாது, ஒரு வார்த்தைகூட, அது அவள் பாடு. நீ அவளுக்காக மட்டும் முழங்கால் போடு. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது, பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்தினபாய்க்கு வாய்த்த ஜோடி மனோரஞ்சிதம். பாரத்தைச் சொல்லிக்கொண்டபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இரண்டு பாரமும் ஒன்றுதான். இவளுக்கு மகள் பியூலா, அவளுக்கு மருமகள் ஷைனி. இருவருக்கும் பிள்ளையில்லை. பியூலாவுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம், ஷைனிக்கு நாலு. நியாயம் என்று ஒன்று இருந்தால் வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்கள்? ரேஷன் கடையில்கூட அதைப் பார்த்துத்தானே அரிசி போடுகிறான். சீச்சி, கோயிலுக்குள் உட்கார்ந்து ரேஷன் கடையை நினைக்கிறேனே என்று ரத்தினபாய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். முக்காடு போட்டதும் காதோரம் வெக்கையாயிற்று, நினைப்பு ஒன்றும் அடங்கவில்லை.

அவள் உண்மையாக ஜெபித்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். ஏமாற்றியிருந்தால் இன்றைக்கு இத்தனை வலித்திருக்காது. விடியக்காலையில் எழுந்து, அடுப்பில் பால் வைக்குமுன், குளிர்ந்த தரையில் முழங்கால் போட்டு, ஆண்டவரே ஷைனியின் கர்ப்பத்தைத் திறந்தருளும் என்று தொடங்குவாள். நாலாவது வாக்கியத்துக்குள் நாக்கு தானாகப் பியூலாவின் பக்கம் திரும்பும். திரும்பிய நாக்கைக் கடித்து, பிடித்திழுத்து, மறுபடி ஷைனி, ஷைனி, ஷைனி. பஸ்ஸில் போகும்போது ஷைனி. மீன் அரியும்போது ஷைனி. பெற்ற மகள் இந்தத் தடவையும் இல்லை என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பக்கத்து அறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்த நாளில்கூட, எழுந்துபோய் அவள் தலையைத் தடவத்தான் செய்தாள், அவளுக்காக ஒரு வரி வேண்டிக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. இவள் இப்படிக் கிடந்தால் அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும்? மனோரஞ்சிதத்தைத் தெரியாதா? கூட்டத்தில் யாராவது நீளமாக ஜெபித்தால் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் கொட்டாவி விடுகிறவள். ஜெபிக்கிறேன் என்று உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கரிந்துவிட்டது என்று எழுந்து ஓடியவள். அவள் பியூலாவை நினைத்திருப்பாளா? நினைத்திருந்தால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? நினைக்கவேயில்லை. ஒருவேளை இவளுக்குத் தெரியாமல் சொந்த மருமகளுக்கே சேர்த்து ஜெபித்திருப்பாள், இரண்டு பக்கமிருந்தும் ஷைனிக்கே போயிருக்கும், பியூலாவுக்காக மேலே ஒரு சத்தமும் போயிருக்காது. 

போன வருஷம் ஒரு மத்தியானம் மனோரஞ்சிதம் அல்வாப் பொட்டலத்தோடு ஓடிவந்து வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதபோது ஷைனி உண்டாகியிருக்கிற விஷயம் தெரிந்துவிட்டது. அவள் கண்ணீர் இவள் தோளில் சூடாக இறங்கியது. அல்வாவை வாயில் போட்டாள், நெய் ஒழுகியது, விழுங்க முடியவில்லை. நம் விலாசம் எழுதிய பார்சலை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போன தபால்காரனை என்ன செய்வது, ஆண்டவரை என்ன செய்வது? அதன்பிறகு இவள் ஜெபத்தில் ஒரு சின்ன வரி நுழைந்தது. பிள்ளை பத்திரமாகப் பிறக்கட்டும், ஆனால் பெண்ணாய் இருக்கட்டும். மனோரஞ்சிதத்துக்குப் பையன் என்றால் ஆசை, எல்லாருக்கும் தெரியும். வாய்க்குள் மெல்லத்தான் கேட்டாள், மனசோ முழுவதாகக் கூடவே நின்றது. அதுவும் அப்படியே கேட்கப்பட்டது! பெண்தான் பிறந்தது. இவளுக்கு வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் கேட்கப்படுகிறது. மனோரஞ்சிதத்தின் முகம் கொஞ்சமாவது வாடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால், அவள் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எக்கா, பாருங்களேன், ராணி மாதிரி கொட்டாவி விடுதா" என்றாள். வாடவேயில்லை அந்த முகம். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள் ரத்தினபாய், பஸ்ஸில் நாலு பேர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது பெயர். அவளிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பெயர். வேதத்தில் பியூலா என்கிற பெயர் வருகிற இடத்தில் அதற்குக் கூடவே எப்சிபா என்கிற பெயரும் வருகிறது, ஒரே வசனத்துக்குள், அக்கா தங்கைபோல். மகளுக்குப் பியூலா என்று வைத்த அன்றே, தாய்க்கு இது, இவள் பெறுகிறவளுக்கு அது என்று ரத்தினபாய் முடிவுசெய்துவிட்டாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவர் ஆண்கள் பக்கத்தில் இரண்டாம் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கிறார், சொன்னாலும் மறந்திருப்பார். பியூலாவிடமும் சொன்னதில்லை, சொன்னால் பாவம் அவளுக்கு ஏக்கம் கூடும். சமையலறையில் தனியாக இருக்கும்போது மட்டும் மெல்ல வாய்க்குள் கூப்பிட்டுப் பார்ப்பாள், எப்சிபா, ஏட்டி எப்சிபா, பால் குடிச்சியா, அழாத, ஆச்சி வாரேன். அந்தப் பெயரைத் தூக்கி ஷைனி பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதா? ஒரே சபைக்குள் இன்னொரு எப்சிபா பிறகு எப்படி வரும்? வந்தால் மனோரஞ்சிதம் பேத்தியின் பெயரைக் காப்பியடித்தாள் என்பார்கள். கொடுத்தால் அதோடு கதவைச் சாத்திய மாதிரி. ஒரு வாரமாக மற்ற பெயர்களைப் பொறுக்கினாள். நல்லதாக ஏதாவது அகப்பட்டால், இது வேண்டாம், இதுவும் அழகாயிருக்கிறது என்று தள்ளினாள். கடைசியில் மேரி. தெருவுக்கு நாலு மேரி. கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் திரும்புவார்கள். யாரும் குறை சொல்லவும் முடியாது, வேதத்தில் உள்ள பெயர், சின்னப் பெயர், இவளுக்கு நஷ்டமும் இல்லை. மேரி, மேரி என்று பிரசங்கம் முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் பியூலா என்ன செய்துகொண்டிருந்தாள்? குனிந்து, இரண்டு கிழவிகளின் மடியையும் தாண்டிக் கையை நீட்டி, அதன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஷைனி சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிக் கொடுத்தாள். சின்னக் கால் வெளியே வந்து விரல்களை விரித்தது. பியூலா அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ரத்தினபாய் மகள் முகத்தைத் தேடினாள், ஒரு சுருக்கம், ஒரு சின்ன நடுக்கம், என்னைப்போல் இவளும் எரிகிறாள் என்று சொல்ல ஏதாவது. ஒன்றுமில்லை. அமைதியாக இருந்தது முகம். அந்த அமைதி ரத்தினபாயைப் பயப்படுத்தியது. எரிகிறவரைக்கும்தானே ஆசை இருக்கிறது என்று அர்த்தம். ஏட்டி, கொஞ்சமாவது பொறாமைப்படேன் என்று மகளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் வந்தது, அதற்குள் ஐயர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பாட்டு முடிந்தது. ஷைனி அதைத் தூக்கி ரத்தினபாயின் கையில் வைத்தாள். கனமே இல்லை, ஆனால் சூடு, பவுடர் வாசனைக்கு அடியில் புளித்த பால் வாசனை, அது நேராக உள்ளே இறங்கியது. இவளுக்காகத்தானே அத்தனை விடியற்காலை. இந்த நெற்றிக்கு, இந்தக் காதுமடலுக்குத்தானே முழங்கால் மரத்துப்போனது. கொடுத்துவிடலாமா? நாக்கின் நுனியில் எப்சிபா வந்து நின்றது. ஐயர் பொல்லாங்கை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று இவள் வாய் சொன்னது, பொய், பச்சைப் பொய், தண்ணீருக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறேன். பிள்ளை கண்ணைத் திறந்து இவள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தது. பெஞ்சில் பியூலா கையில் ஒற்றைச் சாக்ஸோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த மடி காலியாக இருந்தது. ஐயர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.   இனி யோசிக்க நேரமில்லை, யோசித்து முடித்ததைச் சொல்ல வேண்டியதுதான்.

"மேரி" என்றாள் ரத்தினபாய்.

ஐயர் தண்ணீரை அள்ளி அந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை ஊற்றினார். அது அழுதது, சபை சிரித்தது, முடிந்துவிட்டது. இனி யாராலும் மாற்ற முடியாது. மனோரஞ்சிதம் தொட்டிப் பக்கத்திலேயே இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேரியா! எக்கா, ஆண்டவரையே மடியில வச்சிருந்தவ பேருல்லா! எங்களுக்கு யாருக்கும் தோணலை பாருங்களேன்." ஷைனிக்கும் கண் கலங்கியிருந்தது. மேரி, மேரிக்குட்டி என்று அதற்குள் கூப்பிடவும் தொடங்கிவிட்டாள். எச்சில் தட்டில் மிஞ்சியதை எடுத்துக் கொடுத்தேன், இவர்கள் விருந்து என்று சாப்பிடுகிறார்களே என்று ரத்தினபாய்க்குக் காது சுட்டது. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். பியூலா அவள் பக்கம் சாய்ந்து, "எப்சிபான்னு வைப்பீங்கன்னு நெனச்சேம்மா" என்றாள்.

ரத்தினபாய் அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும்மா சொல்லணும்? சின்னப் பிள்ளையிலயே எம் பேரு பைபிள்ல எங்க இருக்குன்னு தேடிப் பாத்திருக்கேன். கூட என்ன பேரு இருக்குன்னு தெரியாதா? அடுக்களையில நீங்க தனியா கொஞ்சுததும் கேட்டிருக்கேன்." சாக்ஸை விரலில் சுற்றிக்கொண்டே, "இந்தப் பிள்ளைக்கு வச்சிருக்கலாம்மா. எனக்கு இனிமே அது வேண்டாம்" என்றாள். சொன்ன விதம், போதும் சோறு வேண்டாம் என்பதுபோல் இருந்தது. பிறகு கையிலிருந்த சாக்ஸை மடித்து ஷைனியிடம் கொடுத்தாள்.

அப்படியானால் யாருக்காக வைத்துக்கொண்டேன்? காப்பாற்றி, ஒளித்து, ஒரு வாரம் தூக்கம் கெட்டு, பச்சைப் பிள்ளைக்குத் தர மறுத்து, கடைசியில் அது யாருக்கும் வேண்டாத பெயராகக் கையில் கிடக்கிறது. கொடுத்திருந்தால் கூப்பிடவாவது ஒரு ஆள் இருந்திருக்கும். நற்கருணைக்கு அழைப்பு வந்தது. முன்பெஞ்சு முதலில் போக வேண்டும். ஷைனி பிள்ளையைப் பின்பெஞ்சில் இருந்த தன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள், பியூலா எழுந்தாள். ரத்தினபாய் எழவில்லை. திடப்படுத்தல் பெற்று முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து அவள் நற்கருணையைத் தவறவிட்டதில்லை, பிரசவத்தில் கிடந்த மாதம் தவிர. இந்த மனசை வைத்துக்கொண்டு எந்தக் கையால் வாங்குவது? அக்கம்பக்கத்தோடு சமாதானம் இல்லாமல் வாங்குகிறவன் நியாயத்தீர்ப்பை வாங்குகிறான் என்று எத்தனை தடவை கேட்டாயிற்று. முழங்கால் வலி என்று சொல்லிவிடலாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்றால் ஐயரம்மா ஓடிவந்து மிட்டாய் கொடுப்பார்கள். "என்னக்கா, உக்காந்துட்டிய?" மனோரஞ்சிதம்தான், பாதி வழி போனவள் திரும்பி வந்திருந்தாள். "நீ போ, நான் பொறவு வாரேன்" என்றாள் ரத்தினபாய். "பொறவு என்ன பொறவு? ஞானத்தாய் இல்லாம நாங்க மட்டுமா? எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் பெஞ்சுகள் காத்திருந்தன. சபை முன்னால் கையை உதறவா முடியும். எழுந்து நடந்தாள்.

பீடத்தின் முன்னிருந்த தடுப்புக் கம்பியோரம் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். மெத்தை பழசு, கல் தட்டியது. பியூலா அந்தக் கோடியில், ஷைனிக்கு அப்பால். ஐயர் அந்தப் பக்கமிருந்து தொடங்கியிருந்தார். இன்னும் நாலு பேர், மூன்று பேர். ரத்தினபாய்க்குத் தெரிந்துவிட்டது, இதை உள்ளே வைத்துக்கொண்டு அப்பத்தை விழுங்க முடியாது, அல்வாவை விழுங்க முடியாததைப்போல் இல்லை இது, அதைவிட மோசம். தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல் சொன்னாள்: "மனோரஞ்சிதம், மேரி ஜெபிச்சு வாங்கின பேரு இல்ல. நல்ல பேரு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. ஒம் பேத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. பொறாமை. வேண்டாம்னு கழிச்சதைத்தான் கொடுத்தேன்."

மனோரஞ்சிதம் கண்ணை மூடியபடியே, "எப்சிபாதான?" என்றாள்.

ரத்தினபாய் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"பாரம் மாத்தின அன்னைக்கே பியூலாகிட்டக் கேட்டு வாங்கிட்டேன். அவதான் பேரு சொல்லி ஜெபிங்க சித்தின்னு சொன்னா. இன்னைக்குக் காலையிலயும் சொல்லித்தான் ஜெபிச்சுட்டு வாரேன்."

"அவளே வேண்டாம்னுட்டா இப்போ."

"அவ அலுத்துப்போயிருப்பாக்கா. அவ அலுத்தா என்ன, பாரம் எங்கிட்டல்லா இருக்கு? நீங்க அந்தப் பேரை இங்க கொடுத்திருந்தா நாளைக்கு விடியக்காலம் நான் யாரைச் சொல்லி ஜெபிக்க?" பிறகு முழங்கையால் இடித்தாள். "கையை நீட்டுங்க, ஐயர் வந்துட்டாவ."

ரத்தினபாய் இரண்டு கையையும் நீட்டினாள்.